மஞ்சளித்த பெட்டியை வெளுக்கலாமா?



நோன்பு இருபத்தொன்பதாம் நாள் மாலையிலே, பிறை தென்பட்டதா இல்லையா என்னுஞ் செய்திக்காக வானொலிப் பெட்டியைச் சூழ்ந்திருந்த அனுபவம் நம்மிற் பலருக்கு உண்டு. செய்தியைச் சொன்ன குரலை மறந்தவர்களும் அதைக் கேட்ட பெட்டியை மறப்பதில்லை. அத்தகைய பெட்டி ஒன்றைப்பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

காரைதீவுச் சந்தியிலிருந்து அம்பாறை வீதியில் மேற்கே திரும்பினால், வயல்களுக்கிடையே சம்மாந்துறை வந்துவிடுகின்றது. அங்கே வானொலி திருத்துங் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் அண்மையிற் போயிருந்தேன். நான் இருக்கும்போதே இளைஞர் ஒருவர் துணியிற் சுற்றிய பொதியொன்றைக் கொணர்ந்து மேசைமேல் வைத்தார். உள்ளே இருந்தது ஒரு வானொலிக் கசற்றுப் பெட்டி. 1980-களின் தொடக்கத்தில் அவருடைய வாப்பா சவூதியிலே உழைத்துத் திரும்பியபோது கொண்டுவந்தது. வாப்பா இப்பொழுது இல்லை. பெட்டி பாடுகின்றது, ஆனால் அன்று வெண்மையாயிருந்த அதன் முகம் இன்று பழுத்த பலாவிலையின் நிறமாகிவிட்டது. மேற்புறத்தில் மட்டும், உம்மா தைத்துப் போட்டிருந்த துணியுறை மூடியிருந்த அளவுக்கு, பழைய வெண்மை நாற்சதுரமாக எஞ்சி நின்றது.

“காக்கா, முழுவதையும் இந்த வெள்ளைக்குக் கொண்டுவர ஏலுமா?” என்று அந்தச் சதுரத்தைத் தொட்டுக் காட்டி இளைஞர் கேட்டார்.

“ஏலும் தம்பி. எத்தனை வருடத்துக்கு என்றுதான் கேட்கக்கூடாது” என்றார் நண்பர்.

அந்த விடையின் பொருளை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம். மஞ்சளித்த பிளாஸ்டிக்கை வெளுப்பது இன்று எளிய காரியமாகிவிட்டது. வெளுத்தபின் ஐந்து, பத்து ஆண்டுகள் கழிந்தால் அப்பொருளுக்கு நேர்வது யாது என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

முதலில், இப்பெட்டிகள் எவற்றால் ஆனவை என்று பார்ப்போம். நம் நாட்டில் வானொலி ஒலிபரப்பு 1925-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் கொழும்பிலே தொடங்கியது. அக்காலத்துப் பெட்டிகள் பெரும்பாலும் மரத்தாலானவை. அடுத்து வந்தது பேக்கலைற்று. லியோ பேக்லண்ட் என்பார் 1907-இல் ஆக்கிய இப்பொருள் கபிலமும் கருமையுமான நிறங்களிலேயே சிறந்தது. வெண்ணிறம் வேண்டியவர்கள் யூரியா கலந்த வேறொரு பிசினால் பெட்டி செய்தார்கள். 1954-இல் திரான்சிஸ்டர் வானொலி விற்பனைக்கு வந்தபின் பெட்டி சிறுத்தது. கைக்கடக்கமான அதற்கு இலேசான பிளாஸ்டிக்கே ஏற்றதாயிற்று. அவற்றுள் இரண்டு முக்கியமானவை. ஒன்று பொலிஸ்டைரீன். மற்றையது அக்கிரிலோநைத்திரைல், பியூற்றாடையீன், ஸ்டைரீன் என்னும் மூன்றும் சேர்ந்த ஏபிஎஸ். தொலைபேசி, கணினி, குழந்தைகள் அடுக்கி விளையாடும் லெகோக் கட்டை ஆகியன பெரும்பாலும் இந்த ஏபிஎஸ்ஸால் ஆனவையே. லெகோ நிறுவனம் 1963-இல் இப்பொருளுக்கு மாறியது.

பொலிஸ்டைரீன் தனியே இருந்தால் கண்ணாடிபோல உடையும். ஆகவே அடிபட்டாலும் தாங்கும் வண்ணம் அதனோடு இறப்பர் போன்ற பியூற்றாடையீனைக் கலந்தார்கள். ஏபிஎஸ்ஸிலும் அதே பியூற்றாடையீன் உண்டு. பெட்டி கீழே விழுந்தும் உடையாமற் பிழைப்பது அந்த இறப்பர்த் துகள்களின் உபகாரமே. மஞ்சளிப்பதற்குக் காரணமாகும் உறுப்புகளுள் முதன்மையானதும் அதுவேயாம்.

மஞ்சளெல்லாம் ஒரே மஞ்சள் அன்று என்பதையும் இவ்விடத்திற் சொல்லிவிட வேண்டும். அடுப்படிப் புகை, சிகரெட்டுப் புகை, கைப்பிசுக்கு ஆகியன மேலே படிந்து உண்டாவது அழுக்கு. இளஞ்சூட்டு நீரிற் சிறிது சவர்க்காரங் கலந்து, மென்றுணியால் துடைத்தால் அது நீங்கும். அதற்கும் நீங்காமல் பொருளின் உடம்போடு உடம்பாய் நிற்பதே நாம் பேசுகின்ற மஞ்சள். பலர் அழுக்கை வயதென்று எண்ணி, வேண்டாத மருந்தைப் பூசிவிடுகின்றனர்.

இனி, மஞ்சளிப்பது எவ்வாறு? பிளாஸ்டிக்கு என்பது மிக நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாலான பல்பகுதியம். பியூற்றாடையீன் சங்கிலியிலே ஆங்காங்கே இரட்டைப் பிணைப்புகள் உள்ளன. அவை அச்சங்கிலியின் மெலிந்த கண்ணிகள். சூரிய ஒளியிலுள்ள, கண்ணுக்குப் புலப்படாத கழியூதாக் கதிரும் வெப்பமும் அவற்றைத் தாக்க, காற்றிலுள்ள ஒட்சிசன் அங்கே புகுந்து சேர்கின்றது. இதுவே ஒட்சியேற்றம். இதனாற் சில சங்கிலிகள் அறுகின்றன. சில ஒன்றோடொன்று பின்னி இறுகுகின்றன. புதிதாகப் பிறக்கும் சில அமைப்புகள் நீல ஒளியை விழுங்கிவிடுகின்றன. வெள்ளொளியில் நீலங் குறைந்தால் எஞ்சுவது மஞ்சளாகவே தோன்றும். சுருங்கச் சொன்னால், இரும்புக்குத் துரு எப்படியோ அப்படியே பிளாஸ்டிக்குக்கு இந்த மஞ்சள்.

தீப்பற்றாதிருத்தற் பொருட்டு மின்கருவிகளின் பிளாஸ்டிக்கிலே புரோமின் சேர்மங்களைக் கலப்பதுண்டு. மஞ்சளுக்கு அவையே முழுக்காரணம் என்று ஒரு காலத்திற் பலர் சொல்லினர். புரோமின் இல்லாத பிளாஸ்டிக்கும் மஞ்சளிக்கின்றமையால் அக்கூற்று முழு உண்மை ஆகாது. பிளாஸ்டிக்கைக் காக்கவென்றே சேர்க்கப்படும் ஒட்சியேற்றத் தடுப்பிகளுட் சில, தம் பணியைச் செய்து தீர்ந்தபின் தாமே மஞ்சட்பொருளாக மாறுதலும் உண்டு. இருட்டறையிற் பெட்டிக்குள் வைத்த பொருளும் சிலவேளை மஞ்சளித்து வெளிவருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரே ஆலையிற் செய்து ஒன்றாகவே பொருத்திய இரு பாகங்கள் வேறுவேறாக மஞ்சளிப்பதையும் காணலாம். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்பனையான நின்டெண்டோ விளையாட்டுப் பெட்டிகள் சிலவற்றில் மேலோடு மஞ்சளாகவும் கீழோடு சாம்பலாகவும் இருப்பதைச் சேகரிப்போர் நன்கறிவர். ஒளி பட்டது ஒரே அளவு. பிளாஸ்டிக்குக் கலவையே வேறு. ஆதலால் ஒருவர் பெட்டிக்குப் பொருந்திய வைத்தியம் மற்றொருவர் பெட்டிக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

வெளுக்கும் முறை பழைய கணினிகளைப் பேணும் ஆர்வலர்களிடையே 2008-ஆம் ஆண்டளவிற் பரவியது. அதற்கு ‘ரெட்ரோபிரைட்’ என்று பெயரிட்டார்கள். சரக்கு ஒன்றும் புதிதன்று. புண் கழுவவும் முடி வெளுக்கவும் பயன்படும் ஐதரசன் பரவொட்சைட்டே அது. மருந்துக்கடையிற் கிடைப்பது பெரும்பாலும் 3 வீதக் கரைசல்; சிகையலங்காரக் கடையிற் கிடைக்குங் களிம்பு 12 வீதம் வரை செல்லும். மஞ்சளித்த பாகத்தைக் கழற்றி, அக்களிம்பைப் பூசி அல்லது கரைசலில் அமிழ்த்தி, வெயிலிலோ கழியூதா விளக்கின் கீழோ சில மணிநேரம் வைப்பர். மாலையிற் கழுவிப் பார்த்தால் பெட்டி புதிதுபோல் இருக்கும். கண்டவர் வியப்பர், வியப்பதிற் பிழையில்லை.

ஆயினும் உள்ளே நிகழ்ந்தது யாது? நம் வீட்டு உவமையொன்றாற் சொல்கின்றேன். வெள்ளைச் சட்டையிற் கறி சிந்தினால் மஞ்சட்கறை படிகின்றது. துவைத்தும் போகாத அக்கறை, சட்டையை வெயிலிற் போட்டதும் மங்கி மறைந்துவிடும். மஞ்சளின் நிறப்பொருளை ஒளி சிதைத்துவிட்டது. பிளாஸ்டிக்கிலும் ஏறக்குறைய இவ்வாறே. பரவொட்சைட்டு ஒளியாலும் வெப்பத்தாலும் சிதைந்து, சுயாதீன மூலிகங்கள் என்னும் மிகத் துடிப்பான துண்டுகளைப் பிறப்பிக்கின்றது. அவை நீல ஒளியை விழுங்கும் அமைப்புகளைத் தாக்கி நிறமிழக்கச் செய்கின்றன. நிறம் போய்விட்டது, அறுந்த சங்கிலியோ அறுந்தபடியே இருக்கின்றது. ஒட்சியேற்றத்தால் வந்த நோயின் அடையாளத்தை மற்றோர் ஒட்சியேற்றத்தால் அழித்தோமேயன்றி நோயைத் தீர்த்தோமில்லை. நரைத்த தலைக்குச் சாயமிட்டவன் இளைஞன் ஆவதில்லை அன்றோ!

இதனால் ஆண்டுகள் செல்லச்செல்ல விளைவன யாவை?

முதலாவது, மஞ்சள் திரும்பி வருகின்றது. மெலிந்த கண்ணிகள் இன்னும் எஞ்சியுள்ளன. காற்றும் வெப்பமும் ஓயவில்லை. வெளுத்த சில பொருள்கள் பல ஆண்டுகள் வெண்மையாகவே நின்றன. வேறு சில இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே மஞ்சளாயின. வெளுக்காமல் விட்ட சோடிப் பொருளைக் காட்டிலும் வெளுத்தது அதிகமாக மஞ்சளித்தது என்று காட்டியோரும் உளர். காக்கவென்று ஆலையிற் சேர்த்த தடுப்பிகளைப் பரவொட்சைட்டு மேற்பரப்பிலே செலவழித்துவிட்டால், அப்பரப்பு காவலற்ற வீடுபோல் ஆகுமாதலின், இது நிகழக்கூடியதே.

இரண்டாவது, திரும்பும் மஞ்சள் சீராகத் திரும்புவதில்லை. என் நண்பர் தம் கடையின் உட்தட்டிலிருந்து கணினி விசைப்பலகை ஒன்றை எடுத்துக் காட்டினார். ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் அவரே களிம்பு பூசி வெளுத்தது அது. களிம்பு தடிப்பாகத் தங்கிய விளிம்பிலே வெண்கோடுகளும், காய்ந்துபோன இடத்திலே மேகம் படிந்தாற்போன்ற திட்டுகளும், மற்ற இடத்திலே மஞ்சளும் கலந்து நின்றன. “முன்பு வயதான பொருளாயிருந்தது, இப்போது நோயாளியாய் இருக்கிறது” என்றார். இயல்பான மஞ்சள் ஒரே நிறமாய் இருந்தமையாற் கண்ணுக்கு உறுத்தவில்லை. திட்டுத்திட்டான மஞ்சளை மறைக்க வழியில்லை.

மூன்றாவது, பொருளின் பலம். வெளுத்ததனால் மட்டுமே பெட்டி பொடிந்துபோகும் என்று பொதுவாகச் சொல்வது மிகையாகும். தாக்குதல் பெரும்பாலும் மேற்பரப்பின் மெல்லிய படையோடு நின்றுவிடும். ஆயினும் இறப்பர்த் துகள்கள் முதுமையால் ஏற்கெனவே இறுகிய பழம்பொருளிலே, மெல்லிய கொக்கிகளும் திருகாணித் துவாரங்களுமே முதலில் உடைவன. அவற்றைக் கழற்றும்போதும் பூட்டும்போதும், கடும் வெயிலில் வைக்கும்போதும் ஆபத்து உண்டு. வெண்மைக்காகச் சேர்க்கும் தைத்தேனியம் ஈரொட்சைட்டு, ஒளிபட்டால் தன்னைச் சூழ்ந்த பிளாஸ்டிக்கையே சிதைக்க வல்லது. அப்பொழுது பளபளப்பு மங்கி, விரலில் ஒட்டுஞ் சுண்ணப்பொடி போன்ற படை தோன்றும். வண்ணானிடம் பலமுறை காரத்தில் வெளுத்த சட்டை வெண்மையாய்த்தான் இருக்கும். தோளிலே கிழியும்போதுதான் அதன் விலை தெரியும்.

எல்லாப் பிளாஸ்டிக்குக்கும் இம்மருந்து ஆகாது என்பதும் நினைவிருக்கட்டும். பேக்கலைற்றிலே மரத்தூளும், யூரியாப் பிசினிலே தாவர நாரும் நிரப்பியிருப்பார்கள். அவற்றின் பளபளப்பான தோல் அரிக்கப்பட்டால் நிரப்புபொருள் வெளிப்பட்டு நீரை உறிஞ்சும், பெட்டி சொரசொரப்பாகும். அவற்றை நீரில் ஊறவிடலாகாது. அலைவரிசை காட்டும் ஒளிபுகு தகட்டை மதுசாரத்தால் துடைத்தால் மயிரிழை வெடிப்புகள் விழக்கூடும்; அதில் அச்சிட்ட நிலையப் பெயர்கள் அழிந்தால் மீளா. கொழும்பு, சென்னை, இலண்டன் என்று எழுதியிருந்த அந்த எழுத்துகளே பலருக்கு அப்பெட்டியின் உயிர்.

மஞ்சளைக் குறையென்று கொள்ளாத மரபும் உலகில் உண்டு. 1940-களில் அமெரிக்காவின் ஃபாடா முதலிய நிறுவனங்கள் கற்றலின் என்னும் வார்ப்புப் பிசினால் அழகிய வானொலிகள் செய்தன. வெண்மையாகப் பிறந்த பெட்டிகள் காலத்தால் தேன்நிறம் பெற்றன. மேற்பரப்பைத் தேய்த்துப் பழைய வெண்மையை வெளிக்கொணரலாம். தேய்த்தவையும் ஒளிபட்டு மீண்டுந் தேன்நிறமே ஆகின்றன. ஆகவே சேகரிப்போர் பலர் அந்நிறத்தையே விரும்பி வாங்குகின்றனர். காட்சிச்சாலைகளும் பிளாஸ்டிக்கின் முதுமையைத் தனித்துறையாகவே ஆராயத் தொடங்கிவிட்டன. ஐரோப்பிய நாடுகள் 2008 முதல் 2012 வரை இதற்கென ஓர் ஆய்வுத்திட்டத்தை நடத்தின. பழம்பொருள் பேணுவோர் கைக்கொள்ளும் நெறி இரண்டு: இயன்றவரை குறைவாகக் கைவைத்தல், பின்னர் மீட்கமுடியாததைச் செய்யாதிருத்தல். வெளுத்தல் இவ்விரண்டாம் நெறிக்கு மாறானது.

அப்படியானால் நாம் செய்யத்தக்கது யாது? வெளுப்பதைக் காட்டிலும் மஞ்சளிப்பதைத் தாமதப்படுத்தலே சிறந்தது. அதற்குச் செலவும் இல்லை. வெயில் விழும் யன்னலோரத்திலிருந்து பெட்டியை அகற்றுங்கள். தகரக் கூரைக்கு நேர்கீழான அலுமாரி உச்சியும், அடுப்படிச் சுவரும் ஆகா. வெப்பம் 10 பாகை ஏறினால் இத்தகைய மாற்றங்களின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது இரசாயனத்திற் பொதுக்கணக்கு. கழியூதா விளக்கு வேண்டாம். நம் கடற்கரைக் காற்றில் ஈரமும் உப்பும் உண்டாகையால், காற்றே புகாத பொலித்தீன் உறையிற் கட்டிவைக்காமல் பருத்தித் துணியால் மூடிவையுங்கள். உம்மாமார் தைத்துப் போட்ட துணியுறை அழகுக்காக மட்டும் அன்று என்பதற்கு அந்த வெண்சதுரமே சாட்சி. மின்கலங்களைக் கழற்றிவைக்கவும் மறவாதீர்கள். பல பெட்டிகளைக் கொன்றது மஞ்சள் அன்று, ஒழுகிய மின்கலமே.

அப்படியும் வெளுத்தே ஆகவேண்டும் என்போர் சிலவற்றைக் கருதவேண்டும். பொருள் ஏபிஎஸ் அல்லது பொலிஸ்டைரீன் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கண்ணிற் படாத உட்பாகம் ஒன்றில் முதலிற் செய்து பாருங்கள். களிம்பைத் தீற்றுவதிலும், செறிவு குறைந்த கரைசலில் முழுதும் அமிழ்த்தி அடிக்கடி திருப்பிவிடுவது திட்டு விழுதலைக் குறைக்கும். திருகாணி, கம்பிச்சுருள் முதலிய உலோகங்களைக் கழற்றுங்கள், துருப்பிடிக்கும். 12 வீதப் பரவொட்சைட்டு தோலைப் பொசுக்கும். கண்ணிற் பட்டாற் பார்வைக்கே கேடு. கையுறையும் கண்காப்பும் அணிந்து, பிள்ளைகளை அப்பால் வைத்துச் செய்யுங்கள். மூடியிறுக்கிய போத்தலிற் கரைசலை வெயிலில் வைக்கவே வேண்டாம். வாயு பெருகி வெடிக்கும். உப்புத்தாளால் தேய்க்கவும் வேண்டாம். புரோமின் சேர்ந்த தூள் மூச்சிற் புகலாகாது. முடிவில் நன்கு கழுவி, எந்த நாளில் எந்தச் செறிவில் எத்தனை மணிநேரம் வெளுத்தோம் என்று எழுதி உட்புறத்தில் ஒட்டிவையுங்கள். பின்னால் அதைத் திறப்பவருக்கு அதனினும் பெரிய உதவி இல்லை.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலேயே இருக்கின்றது. உடைந்த ஒரே பெட்டியின் மூடியை நாலாக அறுத்து, ஒன்றை வெளுத்தும் ஒன்றை வெளுக்காமலும் வெளிச்சத்தில் வைத்து, அவ்வாறே மற்றிரண்டையும் இருளில் வைத்து, ஆண்டுதோறும் நிறம் அளந்து குறித்துவந்தால், நம் வெப்பத்துக்கும் நம் ஈரத்துக்கும் உரிய விடை நம்மிடமே கிடைக்கும். குளிர்நாட்டாரின் அனுபவத்தை அப்படியே நம்பியிருக்க வேண்டுவதில்லை.

இளைஞரின் பெட்டிக்கு வருவோம். நண்பர் அன்று அதனை வெளுக்கவில்லை. பழைய விசைப்பலகையை இளைஞரின் கையிலேயே கொடுத்தார். அவர் அதை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னர் இருவருமாகப் பெட்டியைக் கழற்றி, சவர்க்கார நீராற் கழுவினார்கள். கழுவிய நீர் கருமையாய் ஓடிற்று. நாற்பது ஆண்டுப் புகையும் பிசுக்கும் போனபின் முகம் ஓரளவு தெளிந்து, வைக்கோல் நிறமாய் நின்றது. ஒலி திருத்துங் குமிழின் ஓரத்திலே, பெருவிரல் பட்டுப்பட்டுத் தேய்ந்து வழவழப்பான இடமொன்று தெரிந்தது.

“இது வாப்பாட விரல்” என்றார் இளைஞர்.

நண்பர் அந்த இடத்தைத் துடைக்காமலே குமிழை மாட்டினார். இளைஞர் பெட்டியை உம்மாவின் துணியுறையால் மூடி எடுத்துச் சென்றார்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் இத்தகைய பெட்டியொன்று இருக்கலாம். கழுவுங்கள், வெயிலிலிருந்து நகர்த்துங்கள், மூடிவையுங்கள். வெளுப்பதை மட்டும் ஓராண்டு தள்ளிவையுங்கள். தள்ளிவைத்தால் இழப்பது ஒன்றுமில்லை; வெளுத்துவிட்டால் பழைய நிலைக்கு மீளும் வழியில்லை.